விலை ஏறுகிறது, மதிப்பும் ஏறுகிறதா?



தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். நேரடியாக ஒன்றுமில்லை. என் வாழ்நாளில் நான் துப்பாக்கியைக் கையில் எடுத்ததில்லை, எடுக்கவும் விரும்பவில்லை. ஆனால் ஒரு துப்பாக்கியின் விலை எங்கள் குடும்பத்தில் ஏறத்தாழ ஓராண்டு காலம் பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சில் தீர்ப்பு சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் சொன்ன தீர்ப்பு சரியா என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன். பிள்ளைகளுக்காக விலை உயர்ந்த பொருள்களை வாங்கலாமா வேண்டாமா என்று நீங்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் அந்தத் துப்பாக்கிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆகவே இதை எழுதுகிறேன்.

என் தாய்மாமன் குளுவாங் வட்டாரத்தில் சிறிய செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர். பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்து, பல்லாண்டு காலம் சேமித்து வாங்கிய நிலம் அது. செம்பனை மரம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மிக உயர்ந்துவிடும், குலை வெட்டுவது கடினமாகும், விளைச்சலும் குறையும். ஆகவே மாமா 2013ஆம் ஆண்டு தம் நிலத்தில் ஒரு பகுதியை அழித்து மறுநடவு செய்தார். அங்கே தொடங்கியது தொல்லை.

இளஞ்செம்பனையின் குருத்து காட்டுப்பன்றிக்கு மிகவும் பிடித்த உணவு. கன்றின் அடியைக் கிளறிச் சாய்த்து, நடுக்குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். குருத்து போனால் கன்றும் போயிற்று. வளர்ந்த மரங்களின் கீழே உதிர்ந்து கிடக்கும் பழங்களையும் அது விடாது. செம்பனைப் பழத்தால் பன்றிகள் பெருகுவதை ஆய்வாளர்களும் எழுதியுள்ளனர். நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் நடந்த நெடுநாள் ஆய்வில், அருகிலுள்ள செம்பனைத் தோட்டங்களில் தின்று கொழுத்த பன்றிகள், குட்டி போடக் கூடு கட்டுவதற்காகக் காட்டின் இளமரங்களை முறித்துக் குவிப்பது தெரியவந்தது. அந்த ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. தோட்டம் பன்றியை வளர்க்கிறது. பன்றி தோட்டத்தையும் காட்டையும் சேர்த்தே அழிக்கிறது.

மாமாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது எளிதன்று என்பதை இளைய பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும். 1948 சூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது ஆயுதம் வைத்திருத்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. அவசரகாலம் 1960ஆம் ஆண்டு சூலை 31இல் முடிவுற்றது. அதே ஆண்டில் ஆயுதச் சட்டம் வந்தது. பின்னர் 1971இல் வந்த சுடுகலன் சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் கிடைக்கும். இராணுவத்தினர் ஏந்தும் ரைபிளைப் பொதுமக்கள் எண்ணிப் பார்க்கவே முடியாது. பயிர்க்காவலுக்கு உரிமம் பெறுவோரின் கையில் இருப்பது பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கிதான். அதை வாங்கவும் மாற்றவும் காவல் துறையின் அனுமதி வேண்டும். பன்றியைச் சுட வனவிலங்குத் துறையின் உரிமமும் வேண்டும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

ஒற்றைக்குழலில் ஒரே தோட்டா. சுட்டபின் குழலை மடித்து, வெற்றுத் தோட்டாவை எடுத்து, புதியதைச் செருகி, மீண்டும் நிமிர்த்திச் சுட வேண்டும். 2014ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள் மாலை, வெளிச்சம் இருக்கும்போதே மாமா ஒரு பெரிய ஆண் பன்றியைச் சுட்டார். அடி சரியாகப் படவில்லை. காயம்பட்ட பன்றி ஓடவில்லை. திரும்பி அவர் மேல் பாய்ந்தது. குழலை மடித்த கை மடித்தபடியே இருக்க, அதன் கொம்புப்பல் அவருடைய கெண்டைக்காலைக் கிழித்தது. பதினான்கு தையல்கள். இரண்டு மாதம் அவரால் தோட்டத்துக்குப் போக முடியவில்லை.

மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்தபடியே அவர் முடிவு செய்துவிட்டார்: "இனி அரைத் தானியங்கித் துப்பாக்கிதான். இத்தாலியில் செய்தது."

அரைத் தானியங்கி என்றால் என்ன என்று நானும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டுதான் வெடிக்கும். ஆனால் வெற்றுத் தோட்டா தானாக வெளியே தெறிக்கும்; அடுத்தது தானாக உள்ளே ஏறும். சுடுபவர் மீண்டும் விசையை இழுத்தால் போதும். இதற்கு வேண்டிய ஆற்றல் அதே தோட்டாவிலிருந்து வருகிறது. சில துப்பாக்கிகள் வெடித்த மருந்தின் வளியில் ஒரு பகுதியைக் குழலிலிருந்து எடுத்து உறுப்புகளைத் தள்ளுகின்றன. வேறு சில, பின்னோக்கி உதைக்கும் விசையை ஒரு வலிய சுருள்வில்லில் சேர்த்து வைத்து, அதன் துணையால் வேலையை முடிக்கின்றன. இந்த இரண்டாம் முறையால் பெயர் பெற்றது பெனெல்லி என்னும் இத்தாலிய நிறுவனம். 1967இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் பின்னர், 1526ஆம் ஆண்டு முதல் துப்பாக்கிக் குழல் செய்து வரும் பெரெட்டாவின் குழுமத்தில் சேர்ந்தது. மாமாவின் மனம் இந்தப் பெயர்களையே சுற்றிக்கொண்டிருந்தது.

2015ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் கடையில் விசாரித்தபோது சொல்லப்பட்ட விலை என்னுடைய இரண்டு மாதச் சம்பளம். சில மாதங்கள் கழித்துக் கேட்டபோது விலை ஏறியிருந்தது. ஆண்டின் இறுதியில் அது மூன்று மாதச் சம்பளத்தை நெருங்கிவிட்டது. மாமா பதறினார். "பார்த்தாயா அம்மா, தள்ளிப்போடத் தள்ளிப்போட ஏறிக்கொண்டே போகிறது. நல்ல பொருள் என்பதால்தானே ஏறுகிறது? இப்போதே வாங்கிவிட வேண்டும்" என்றார்.

அவரிடம் பணம் இருந்தது. ஆனால் அது அவருடைய இளைய மகளின் மேற்படிப்புக்கென்று வங்கியில் போட்டுவைத்த வைப்புத்தொகை. அத்தை கண் கலங்கினார். மாமாவிடம் நேரே மறுத்துப் பேசவில்லை. என்னிடம் தொலைபேசியில், "நீ படித்தவள், ஆசிரியை. நீ சொன்னால் உன் மாமா கேட்பார்" என்றார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணிதம் கற்பித்தலைப் படித்தேன். துப்பாக்கியைப் பற்றி யாரும் கற்பிக்கவில்லை. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் குளுவாங்கிற்குப் போனேன்.

மாமாவின் கேள்வியிலேயே இரண்டு கேள்விகள் கலந்திருந்தன. அந்தத் துப்பாக்கி அந்த விலைக்குத் தகுமா என்பது ஒன்று. விலை ஏறுவது அதன் தகுதிக்குச் சான்றா என்பது மற்றொன்று. இவற்றைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும் என்று தோன்றியது.

இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டேன். 2014ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 3.20 ரிங்கிட் கொடுத்தோம். 2015 ஆகஸ்டில் அது 4 ரிங்கிட்டைத் தாண்டியது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி நடப்புக்கு வந்தது. கடைகளும் சில, வாங்குவோரும் சிலர், கடைக்காரர் சொன்னதே விலை. மாமா பார்த்து வைத்திருந்த அதே மாதிரியில், இவ்வளவு விலையேற்றத்துக்குப் பின்னும் ஒரு திருகாணிகூடப் புதிதாகச் சேரவில்லை. "மாமா, துப்பாக்கி ஏறவில்லை, நம் பணம் இறங்கியிருக்கிறது" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

இதே கணக்கைப் பிற்காலத்தில் இன்னும் பெரிய அளவில் பார்த்தேன். இந்திய இராணுவம் 2019ஆம் ஆண்டு சிக் சாவர் நிறுவனத்திடமிருந்து 72,400 சிக்-716 ரைபிள்களை ஏறத்தாழ 700 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2024இல் மேலும் 73,000 ரைபிள்களுக்கு ஏறத்தாழ 837 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமானது. நான்காம் ஆண்டு மாணவனைப் போல நானும் வகுத்துப் பார்த்தேன். முதல் முறை ஒன்றின் விலை ஏறத்தாழ 97,000 ரூபாய். இரண்டாம் முறை ஏறத்தாழ 1,15,000 ரூபாய். ஐந்தாண்டில் ஏறத்தாழ 19 விழுக்காடு ஏற்றம். ஆனால் 2019 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 71 ரூபாய். 2024இல் ஏறத்தாழ 84. அதுவும் ஏறத்தாழ 18 விழுக்காடுதான்! டாலரில் பார்த்தால் விலை ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றது. ஏறியது ரைபிளின் விலை அன்று. இறங்கியது ரூபாயின் மதிப்பு.

அந்த வகுத்தலில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதே இந்தியா 2021இல், உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் செய்வதற்கென 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203 ரைபிள்களுக்கு 5,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகைக்கு ஒப்பந்தம் செய்தது. அதில் ஒன்றின் விலை ஏறத்தாழ 85,000 ரூபாய். தொலைவிலும் வலுவாகத் தாக்க வேண்டிய முன்னணி வீரர்களுக்கு விலை கூடியது. மற்றப் பெருந்தொகையினருக்கு விலை குறைந்தது. உயர்ந்த பொருள் தகுதியற்றது என்று அவர்கள் எண்ணவில்லை. எல்லாருக்கும் அது வேண்டியதில்லை என்றுதான் முடிவு செய்தார்கள். எவருக்கு, எந்த வேலைக்கு என்று கேட்காமல் "தகுமா" என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது.

மாமாவிடம் 2015இல் நான் கேட்டதும் அதுவே: "எந்த வேலைக்கு?"

மாமா ஒழுங்கானவர். தோட்டாக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் ஒரு பழைய பயிற்றுப் புத்தகத்தில் ஒவ்வொரு சூட்டையும் தேதியிட்டு எழுதி வைத்திருந்தார். அதை வாங்கி, இரவு உணவுக்குப் பின் இருவரும் அமர்ந்து பார்த்தோம். இரண்டாண்டில் அவர் சுட்டது 38 முறை. ஒவ்வொன்றுக்கும் அருகில், "இரண்டாவது குண்டு இருந்திருந்தால் பயன்பட்டிருக்குமா?" என்று நான் கேட்க, அவர் நினைவுகூர்ந்து சொன்னார். ஆறு முறை "ஆம்" என்றார். அவற்றில் மூன்று முறை பன்றி காயமின்றித் தப்பியது; இரண்டு முறை காயத்தோடு காட்டுக்குள் ஓடியது; ஒருமுறை அவர் மேல் பாய்ந்தது.

ஆறு சிறிய எண்தான். ஆனால் அதை நான் சிறிதென்று சொல்லவில்லை. அந்த ஆறாவது ஒன்றில் அவருடைய கால் இருந்தது. சற்று மேலே பட்டிருந்தால் உயிரே இருந்திருக்கும். காயத்தோடு ஓடிய இரண்டு பன்றிகளும் எத்தனை நாள் வேதனைப்பட்டுச் செத்தனவோ! இரண்டாவது குண்டு தேவை என்று மாமா சொன்னது உண்மை. அதை மறுத்துப் பேசினால் நான் கணக்குப் பார்க்கவில்லை, வாதம்தான் செய்கிறேன் என்றாகிவிடும்.

ஆனால் கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. மூன்றாவது குண்டு வேண்டியிருந்த நிகழ்ச்சி ஒன்றுகூட அதில் இல்லை. அதாவது மாமாவுக்கு வேண்டியது இரண்டாவது குண்டு. அதற்கு இத்தாலிய அரைத் தானியங்கிதான் வேண்டுமா? இரண்டு குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி போதுமே! அதிலும் இரண்டாவது குண்டு உடனே கிடைக்கும். பயன்படுத்திய இரட்டைக்குழல் ஒன்றை அதே கடையில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்குச் சொன்னார்கள்.

விட்டுக்கொடுக்காத மாமா எதிர்க்கேள்வி கேட்டார். "அரைத் தானியங்கியில் தோள்பட்டை உதை குறைவு. முப்பது ஆண்டு உழைக்கும்." இரண்டிலும் நியாயம் இருந்தது. வெடிப்பின் ஆற்றலில் ஒரு பகுதி உறுப்புகளை நகர்த்தச் செலவாவதாலும், உதை சற்று நீண்ட நேரத்தில் பரவி வருவதாலும் தோளில் அடி மென்மையாகத் தெரியும். வளியால் இயங்கும் வகையில் இது இன்னும் நன்றாகத் தெரியுமாம். நல்ல துப்பாக்கி ஒரு தலைமுறை தாண்டி உழைக்கும் என்பதும் பொய்யன்று. நாள் முழுதும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியாளருக்கு அந்த மென்மை பொன்னுக்குச் சமம். ஆண்டுக்குப் பத்தொன்பது முறை சுடுபவருக்கு? முப்பதாண்டு உழைக்கும் பொருள், மூன்றாண்டுத் தேவைக்கு? கன்று நட்டு மூன்று நான்கு ஆண்டுகளில் செம்பனை முற்றிவிடும். குருத்தைத் தின்னும் தொல்லை பெரும்பாலும் நீங்கும். 2015இன் இறுதியில் அந்தக் கன்றுகளுக்கு ஏற்கெனவே இரண்டு வயது.

இன்னொன்றையும் சொன்னேன். கை விரைவாவது கண்ணுக்கு நல்லதன்று. பன்றி என்று எண்ணி மனிதனைச் சுட்ட செய்தி நம் நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. தொடர்ந்து சுட முடியும் என்ற துணிவு, முதல் குண்டுக்கு முன் எடுக்க வேண்டிய ஒரு நொடி நிதானத்தைக் குறைத்துவிடக் கூடாது. அத்தை அப்போதுதான் முதன்முறையாக வாய் திறந்து, "அது சரி" என்றார்.

கடைசியில் கன்றுகள் இருந்த பகுதியைச் சுற்றி மின்வேலி போடப்பட்டது. உரிய அனுமதியோடு இரட்டைக்குழல் துப்பாக்கி வந்தது. இரண்டும் சேர்ந்து அந்த இத்தாலியத் துப்பாக்கியின் விலையில் பாதிக்கும் குறைவு. வேலி இரவும் பகலும் விழித்திருக்கும். அதற்குத் தோட்டா வேண்டாம். வைப்புத்தொகையில் கை வைக்கவில்லை. மாமாவின் மகள் அந்தப் பணத்தில் படித்து, இன்று ஜொகூர் பாருவில் தாதியாகப் பணிபுரிகிறாள்.

பின்னர் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சபாவில் கண்டறியப்பட்டது. அடுத்தடுத்துத் தீபகற்பத்திலும் பரவியது. காட்டுப்பன்றிகளும் மடிந்தன. மாமாவின் தோட்டத்தில் பல மாதம் ஒரு குளம்படியைக்கூடக் காண முடியவில்லை. துப்பாக்கி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. நம் பெற்றோர்கள் வாங்கிக் குவித்த யுபிஎஸ்ஆர் பயிற்சி நூல்களின் நிலையும் அதே 2021இல் அதுதானே? தேர்வே நிறுத்தப்பட்டது, கட்டுக் கட்டாக நூல்கள் அலமாரியில் தங்கின. ஒரு தேவைக்காக வாங்கும் பொருளின் ஆயுள் அந்தத் தேவையின் ஆயுளைவிட நீளாது.

என் கணக்கு வென்றது என்று இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் கதை இங்கே முடியவில்லை.

2024 தொடக்கத்தில் ரிங்கிட் மிகவும் விழுந்தது. டாலருக்கு எதிராக 1998க்குப் பிந்தைய மிகத் தாழ்ந்த நிலை என்று செய்திகள் கூறின. அவ்வாண்டுப் பொங்கலுக்கு மாமா வீட்டுக்குச் சென்றிருந்தேன். எழுபதைக் கடந்துவிட்டார், நடக்கும்போது பழைய காயம் காலை இழுக்கிறது. பேச்சுவாக்கில், "அந்தத் துப்பாக்கியின் விலை இப்போது என்ன தெரியுமா அம்மா?" என்று கேட்டுத் தொகையைச் சொன்னார். இத்தனை ஆண்டுகளாக அவர் விலை விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னும் ஆசை போகவில்லையா, மாமா?" என்றேன்.

சிரித்தார். பிறகு எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அறுபதுகளில் அவர் சிறுவனாக இருந்தபோது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பன்றி வேட்டைக்குப் போவாராம். தோட்டாப் பையைச் சுமந்துகொண்டு லயத்துப் பிள்ளைகள் பின்னால் போக வேண்டும். துரையின் துப்பாக்கி முதுகு கூனியதுபோல் பின்புறம் சதுரமாக இருக்குமாம். துரை சுடச் சுட வெற்றுத் தோட்டாக்கள் தெறித்து விழும். பிள்ளைகள் ஓடிப் பொறுக்குவார்கள். "சூடாக இருக்கும் அம்மா. கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன். துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்க ஒருநாள் கை நீட்டினேன். துரை பிரம்பால் புறங்கையில் தட்டினார்" என்றார்.

அவர் சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடிப் படித்தேன். அது ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் உருவாக்கிய ஆட்டோ-5 ஆக இருக்க வேண்டும். உலகில் வெற்றிகரமாக விற்பனைக்கு வந்த முதல் அரைத் தானியங்கி வேட்டைத் துப்பாக்கி அது. பிரவுனிங் அதற்கு முன் தம் கண்டுபிடிப்புகளை வின்செஸ்டர் நிறுவனத்துக்கு ஒரே தொகைக்கு விற்று வந்தார். இதன் மதிப்பை உணர்ந்து, விற்பனையாகும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார், வின்செஸ்டர் மறுத்தது. 1902இல் ரெமிங்டன் நிறுவனத்தின் தலைவரைப் பார்க்கப் போய்க் காத்திருந்தபோது அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துவிட்டார். பின்னர் பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை அதைச் செய்ய முன்வந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதி வரை அது விற்பனையில் இருந்தது. ஒரு பொருளின் மதிப்பைச் செய்தவர் ஒருவிதமாகவும், விற்பவர் ஒருவிதமாகவும், அதைத் தொடக்கூட முடியாத லயத்துச் சிறுவன் வேறுவிதமாகவும் அளக்கிறார்கள்.

நான் 2015இல் 38 சூடுகளை எண்ணினேன். நாணய மாற்றை எண்ணினேன். வரியை எண்ணினேன். அந்தப் புறங்கையில் விழுந்த அடியை எண்ணவில்லை. மாமாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு தீர்ப்புச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். மகளின் படிப்பு ஒரு தட்டிலும் அந்த ஆசை மறு தட்டிலும் இருக்கையில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை மாமாவே அறிவார். ஆனால் "உங்களுக்கு இது தேவையில்லை" என்று நான் சொன்ன தொனி மாறியிருக்கும். அன்றிரவு பயிற்றுப் புத்தகத்தை மூடி வைத்தபோது மாமாவின் முகத்தில் கண்ட வாட்டத்தைத் தோல்வியின் வாட்டம் என்று எண்ணினேன். அதைவிடப் பழைய வாட்டம் அது.

ரிங்கிட் பிறகு ஓரளவு மீண்டது. கடைக்காரர் சொல்லும் விலை மட்டும் மீளவில்லை என்று மாமா சொல்கிறார். அவர் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார். வாங்கப் போவதில்லை என்றும் அவரே சொல்கிறார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை விலை உயர்ந்த கைக்கணினியையோ காலணியையோ கேட்டு அடம்பிடிக்கும்போது கணக்குப் பாருங்கள். எந்த வேலைக்கு, எத்தனை நாளைக்கு, அதே வேலையைச் செய்யும் எளிய பொருள் உண்டா என்று பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். விலை ஏறுகிறது என்பதற்காக விரைந்து வாங்காதீர்கள். ஏறிய விலை தரத்தைச் சொல்வதில்லை, பெரும்பாலும் நம் நாணயத்தைத்தான் சொல்கிறது. ஆனால் கணக்கை முடித்து "வேண்டாம்" என்று சொல்வதற்கு முன், "ஏன் இதற்கு இவ்வளவு ஆசை?" என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். விடை "வேண்டாம்" என்பதாகவே இருக்கலாம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.